ஆற்றுக்கு மேலே ஒரு கோடு

மே 28

என் மலைக்காரிக்கு,

வாண்டுவும் நானும் சுகம். நீ சுகம் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்புவேன். போன கடிதத்தில் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. காய்ச்சலா, இல்லை சாய்வான பாறையில் உட்கார்ந்து எழுதினாயா? பாறை என்றால் அதுவும் எனக்குக் கவலைதான்.

மழைக்கு முன் திரும்பிவிடுவேன் என்று பஸ் படியில் நின்று சொன்னாய். இங்கே மழை தொடங்கிவிட்டது. வாண்டு தினமும் "அம்மா இன்னைக்கா?" என்று கேட்கிறாள். நாளைக்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை புளித்துவிட்டது. அவளுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன் நூல் கட்டி இழுக்கலாம் என்றார். அவரைக் கண்டாலே இப்போது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நீ சொல்வது சரிதான். ஆனால் போன வருஷம் உன் நில அளவைக் குழுவில் அளவுகோல் பிடிக்கிறவர் ஆற்றோடு போனதை நீ என்னிடம் சொல்லவேயில்லை. உன் ஆபீஸ்காரர் வந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து நீ எழுதாமல் விடுவதையெல்லாம் நானாக எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அது நீ எழுதுவதைவிட மோசமாக இருக்கிறது. ஆகவே தயவுசெய்து நீயே எழுதிவிடு.

காலுறையைக் காயவைத்துப் போட்டுக்கொள்.

உன்,
தண்ணீர்க்காரன்


ஜூன் 4

அன்புள்ள தண்ணீர்க்காரருக்கு,

பாறைதான். காய்ச்சல் இல்லை. காலுறை மட்டும் காயவில்லை. இங்கே எதுவுமே காய்வதில்லை; வயர்லெஸ் பெட்டிகூட ஈரத்தில் ஊமையாகிவிட்டது.

இன்னும் இரண்டே வளைவுகள்தான் பாக்கி. இந்த ஆறு இதுவரை வரைபடத்தில் வெறும் புள்ளிக்கோடு. விமானத்திலிருந்து எடுத்த படங்களில் மரங்களின் தலைதான் தெரிகிறது. தரை எங்கே இருக்கிறது, எங்கே திடீரென்று இல்லாமல் போகிறது என்பதைக் மேலே பறக்கிறவனுக்குக் காடு சொல்வதில்லை. நாங்கள்தான் கத்தியால் வழி வெட்டி, கருவியை முதுகில் சுமந்து, இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் அடுத்த வருஷம் இன்னொருவர் இதே சேற்றில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சொல்லாமல் விடாதே என்றீர்கள், அதனால் சொல்கிறேன். பயப்படாதீர்கள் (சொன்னால் கேட்கவா போகிறீர்கள்). நேற்றுக் காலை மேல்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போவதுபோல. காலடியில் தரை நடுங்கியது. டீ டம்ளர்கள் தானாக நகர்ந்தன. காட்டிலிருந்த பறவையெல்லாம் ஒரே கணத்தில் மேலே எழும்பின. சாயங்காலம் வரை திரும்பி வந்து உட்காரவில்லை. சமையல்காரர் இடி என்கிறார். கம்பிப்பாலத்துக் காவலாளிதான் எங்களுக்குத் தபால் வாங்கித் தருகிறவர். அவர் சிரித்துக்கொண்டே, "மலை புரண்டு படுத்திருக்கும்மா, வயசாயிடுச்சில்ல" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

நாளை மேல்வளைவுக்குப் போகிறோம். வாண்டுவின் பல்லை யாரும் இழுக்க வேண்டாம். அது விழும்போது விழட்டும்.

உங்கள்,
மலைக்காரி


ஜூன் 9

என் மலைக்காரிக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே ஒரு விஷயம் சரியில்லை.

விடாமல் மழை பெய்கிறது. ஆறு ஏற வேண்டும். இறங்குகிறது. பம்ப் ஹவுஸ் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் குழாயின் வாய், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கோடையில்கூட வெளியே தெரிந்ததில்லை. இப்போது பல் போன வாய்போல் திறந்து நிற்கிறது. ஆற்று நடுவில் பாறைகள் வெளியே வந்துவிட்டன. ஊரில் பாதிப் பேர் வாளியோடு இறங்கி, குட்டைகளில் துள்ளும் மீனை அள்ளுகிறார்கள். திருவிழாபோல் இருக்கிறது. வாண்டுவும் போகணும் என்று அடம்பிடித்தாள். முதல்முறையாக அவளை அடித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

எங்கள் இன்ஜினியர் அம்மாவிடம் சொன்னேன். மேலே மழை குறைந்திருக்கும் என்றார். மலை முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது, அங்கே எப்படி மழை குறையும்? பம்ப் ஹவுஸில் சொன்னால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறார்கள். போன வருஷம் மோட்டார் வெடிக்கும் என்று நான் பயந்து எல்லாரையும் வெளியே ஓடவைத்த கதையை இன்னொருமுறை சொல்லிச் சிரித்தார்கள்.

நீ மேலே இருக்கிறாய். தண்ணீரும் மேலேதான் எங்கோ நிற்கிறது. உடனே எழுது.

தண்ணீர்க்காரன்


ஜூன் 11

அன்புள்ளவருக்கு,

இதை இரண்டுமுறை படியுங்கள்.

மேல்வளைவில் ஆறு இல்லை. ஏரி இருக்கிறது. அன்று கேட்ட சத்தத்தில் ஒரு பக்கத்து மலைச்சரிவு முழுதாக, மரங்களோடு, பள்ளத்தாக்கில் விழுந்து ஆற்றை அடைத்திருக்கிறது. மேட்டிலிருந்து பார்த்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. போன மாதம் நான் அளந்த கரை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அது தண்ணீருக்குள் இருந்தது. மரங்கள் நின்றபடியே மூழ்கிக்கொண்டிருந்தன. உச்சிக் கிளைகளில் குரங்குகள் இருந்தன. சத்தம் போடவில்லை, சும்மா உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அது அணை அல்ல. வெறும் மண்ணும் மரமும். தண்ணீர் அதன் தலையை எட்டி வழியத் தொடங்கினால், வழிகிற இடத்தை அறுத்துக்கொண்டே இறங்கும். பிறகு மொத்தமும் ஒரேயடியாகக் கீழே வரும். உங்களிடம் வரும்.

சோதனைச்சாவடிக்கு ஆள் அனுப்பித் தலைமை ஆபீசுக்குப் போன் செய்யவைத்தேன். மேகம் விலகியதும் விமானத்தில் வந்து பார்த்து முடிவு செய்வார்களாம். ஊரைப் பதற்றப்படுத்தக் கூடாதாம். நம் ஊருக்குப் போகும் டெலிபோன் கம்பி மழையில் அறுந்து கிடக்கிறதாம்.

இத்துடன் நம் ஊர் வரைபடத்தின் நகல் ஒன்றை வைத்திருக்கிறேன். ஏரியில் நிற்கும் தண்ணீரையும், நாங்கள் இதுவரை அளந்த பள்ளத்தாக்கின் அகலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, வெள்ளம் எட்டக்கூடிய உயரத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடாக வரைந்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. நம் தெரு முழுதும் கீழே. சந்தை கீழே. பள்ளிக்கூடம் மேலே இருக்கிறது.

பம்ப் ஹவுஸ் சுவரில் எங்கள் ஆட்கள் கல்லில் வெட்டிய உயரக்குறி இருக்கிறது அல்லவா? கோடு அந்தக் குறிக்கு எவ்வளவு மேலே என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் மேட்டில்தான் இருக்கிறேன். என்னைத் தேடி வர வேண்டாம். வாண்டுவைத் தூக்கிக்கொண்டு மேலே போங்கள்.

மலைக்காரி


ஜூன் 15

என் மலைக்காரிக்கு,

இரண்டுமுறை அல்ல, எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

முதலில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். புலி வருது, புலி வருது கதைதான். மருந்துக்கடைக்காரர், "தூக்கம் வரலைன்னா சொல்லுங்க, மாத்திரை தர்றேன்" என்றார். உன் வரைபடத்தைக் காட்டினேன். தாளில் இருக்கும் கோடு யாருக்குப் பயம் தரும்? எல்லாரும் தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள்.

அப்போதுதான் தாளில் இருக்கும் கோட்டைத் தெருவுக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றியது. கொத்தனார் அண்ணனிடம் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் நீளமான பிளாஸ்டிக் குழாய் இருந்தது. "எனக்கும் நம்பிக்கை இல்ல தம்பி, ஆனா வேலை இல்லாம சும்மாதானே இருக்கேன்" என்று வந்தார். கல்குறியிலிருந்து தொடங்கினோம். குழாயின் ஒரு முனையை அவர் பிடிக்க, இன்னொன்றை நான் பிடிக்க, வால்வுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கோடு போட்டுக்கொண்டே வந்தோம்.

இன்ஜினியர் அம்மா ஜீப்பில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கோட்டைப் பார்த்தார், பிறகு ஆற்றைப் பார்த்தார். "மேலேருந்து ஆணை வராம ஊரைக் காலி பண்ணுன்னு நான் சொல்ல முடியாது. நீங்க சுவத்துல பெயிண்ட் அடிக்கிறதை நான் பார்க்கல" என்றார். போகும்போது ஒரு டின் பெயிண்டையும் ஜீப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் சுவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் வீட்டு வாசலில் நின்று, தன் தலைக்கு மேலே அண்ணாந்து அந்தக் கோட்டைப் பார்க்கும்போது மனிதனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. மருந்துக்கடைக்காரருக்கு ஏணி வைத்துத்தான் கோடு போட்டோம். அவர் மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினார்.

கொத்தனார் அண்ணன் தன் வீட்டுச் சுவருக்கு வந்ததும் குழாயைக் கீழே வைத்துவிட்டார். "நானே கட்டின வீடு தம்பி" என்றார். பிறகு குழாயை எடுத்துப் பிடித்தார்.

எல்லாரும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போகிறோம். மீன் பிடிக்க இறங்குகிறவர்கள் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ நிற்கும் மேடு எவ்வளவு மேடு? அதை எழுதவில்லை நீ.

தண்ணீர்க்காரன்


ஜூன் 22

என் மலைக்காரிக்கு,

வந்துவிட்டது. நேற்று மத்தியானம்.

தண்ணீருக்கு முன்னால் காற்று வந்தது. ஈர மண்ணும் பச்சை மரமும் கலந்த வாசனை. பிறகு சத்தம். நீ சொன்ன சரக்கு ரயில். தொட்டி மேட்டிலிருந்து பார்த்தேன். முதலில் வந்தது தண்ணீரே அல்ல, மரங்கள். காடு நடந்து வருவதுபோல் நிமிர்ந்தும் படுத்தும் வந்தன. பாலம் ஒரு தீப்பெட்டிபோல் போயிற்று. நம் தெருவைப் பார்த்தேன், பிறகு நம் தெரு இல்லை. வாண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, நம்ம வீடு குளிக்குது" என்றாள். அவள் கண்ணை மூடினேன்.

ஊரில் ஒருவரைத்தான் இழந்தோம். தையல்காரர். மிஷினை எடுத்துவருகிறேன் என்று இறங்கிப் போனார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டுப் போனார். மீன் பிடிக்க இறங்கியவர்கள் உட்பட மற்ற எல்லாரும் மேலே இருந்தோம். கொத்தனார் அண்ணன் குடும்பம் என் பக்கத்தில் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ வரைந்த இடத்தில் நான் கோடு போடவில்லை. கல்குறியின் அருகில் தூரிகையை நனைத்து நிற்கும்போது பயம் வந்துவிட்டது. ஒருவேளை அவள் கணக்கில் கொஞ்சம் பிசகியிருந்தால்? ஒருவேளை அதற்குப் பிறகும் மழை பெய்திருந்தால்? கொத்தனார் அண்ணனிடம்கூடச் சொல்லாமல் ஓர் ஆள் உயரம் கூட்டித் தொடங்கிவிட்டேன். அதனால் பள்ளிக்கூடத் தெருவும் கோட்டுக்குக் கீழே வந்தது. நீ மேலே என்று சொன்ன பள்ளிக்கூடத்திலிருந்தும் எல்லாரையும் கிளப்பினேன். எல்லாம் பயத்தில் செய்தது. கணக்குப் பார்த்துச் செய்யவில்லை.

தண்ணீர் உன் கோட்டைத் தாண்டிவிட்டது. என் கோட்டுக்குக் கீழே நின்றது. பள்ளிக்கூட வகுப்பறைகளில் இப்போது கரும்பலகை உயரத்துக்குச் சேறு.

உன்னைக் குறைசொல்ல எழுதவில்லை. உன் கோடு இல்லாவிட்டால் நான் எங்கிருந்து பயப்படத் தொடங்குவது? நீ எங்கே இருக்கிறாய் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தபால் எந்த வழியாக மலைக்குப் போகும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சோதனைச்சாவடிக்குப் போகிற சிப்பாய் ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார். வேறு வழியில்லை.

இருக்கிறேன் என்று மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

உன்,
தண்ணீர்க்காரன்


ஜூலை 2

அன்புள்ளவருக்கு,

இருக்கிறேன்.

குழுவில் எல்லாரும் இருக்கிறோம். கூடாரங்கள் போய்விட்டன. அடைப்பு உடைந்ததை மேட்டிலிருந்து பார்த்தோம். அது உடைந்ததுபோல் இல்லை, மெல்லக் கரைந்ததுபோல் இருந்தது. முதலில் ஓர் ஓடை, பிறகு வாய்க்கால், பிறகு பார்க்க முடியவில்லை. நாங்கள் நின்ற மேட்டின் ஒரு விளிம்பும் சரிந்தது. சமையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்ததால் இதை எழுதுகிறேன். இதையும் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

கம்பிப்பாலத்துக் காவலாளி போய்விட்டார்.

அவருக்கும் நான்தான் இடம் சொன்னேன். உங்களுக்குப் போட்ட அதே கணக்கை வைத்து, அவர் குடிசைக்கு மேலே ஒரு பாறையைக் காட்டி, "அண்ணே, இந்தப் பாறைக்கு மேல தண்ணி வராது, இங்கேயே இருங்க" என்றேன். "நீங்க அளந்து சொன்னா சரிதாம்மா" என்றார். அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். நான் கைகாட்டினேன், அவரும் கைகாட்டினார். இப்போது பாறை இருக்கிறது. அதன் மேல் என் தோள் உயரத்துக்குச் சேறு.

பிறகு ஆற்றின் குறுக்கே சிப்பாய்கள் கட்டிய கயிற்றில் உங்கள் கடிதம் வந்தது. ஓர் ஆள் உயரம் கூட்டினேன் என்று எழுதியிருந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். நீங்கள் பயந்தீர்கள், ஓர் ஊர் பிழைத்தது. அவர் பக்கத்தில் பயப்பட ஓர் ஆள் இல்லை. நான் இருந்தேன். ஆனால் நான் கணக்கை நம்பிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு கிளையாறு புதிதாகத் திரும்பி ஏரிக்குள் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. அது நாங்கள் அளக்காத வளைவு.

ராஜினாமா எழுதிவிட்டேன். கையெழுத்து போடவில்லை. நீங்கள் இத்தனை வருஷமாகக் கேட்டது இதுதானே? போடு என்று ஒரு வார்த்தை எழுதினால் போட்டுவிடுவேன். இனி ஒரு மலையைப் பார்த்து அதன் உயரம் இவ்வளவு என்று சொல்ல எனக்கு நா எழாது.

வாண்டுவை ஒருமுறை எனக்காகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மலைக்காரி


ஜூலை 8

என் மலைக்காரிக்கு,

நீ இருக்கிறாய் என்ற ஒரு வரிக்குப் பிறகு எழுத்தெல்லாம் கலங்கிப் போனதால் மீதியை மறுநாள்தான் படித்தேன்.

போடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எத்தனை வருஷம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். இப்போது நீயே தட்டில் வைத்து நீட்டும்போது கை போகவில்லை. போடாதே என்று எழுதவும் எனக்குத் துணிச்சல் இல்லை. நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தக் காவலாளியின் மனைவி மக்கள் எங்கே என்று மட்டும் விசாரித்து எழுது. இன்ஜினியர் அம்மாவிடம் பேசியிருக்கிறேன், ஏதாவது செய்யலாம்.

சாலையைச் சோதனைச்சாவடி வரை சரிசெய்துவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானும் வாண்டுவும் கம்பிப்பாலம் இருந்த இடத்துக்கு வருகிறோம். அக்கரைக்கு வர வழியில்லை என்று தெரியும். நீ அந்தப் பக்கம் வந்து நில், போதும். தூரத்திலிருந்தாவது பார்த்துக்கொள்வோம்.

தண்ணீர்க்காரன்


ஜூலை 16

அன்புள்ள தண்ணீர்க்காரருக்கு,

இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறீர்கள். இளைத்துவிட்டீர்கள். அந்த நீலச் சட்டை யாருடையது? நிவாரண முகாமில் கொடுத்ததா? தோளில் தொங்குகிறது. வாண்டு வாயைத் திறந்து காட்டினாளே, பல் விழுந்துவிட்டதா? ஆற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஓட்டைப் பல்லை இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு காவலாளி அண்ணனின் பாறைக்குப் போனேன். இதுவரை அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். மரங்களில் சேறு எட்டிய தடம் இன்னும் அழியவில்லை. அடுத்த மழை அதைக் கழுவிவிடும். கழுவிவிட்டால் தண்ணீர் எதுவரை வந்தது என்பது யாருக்கும் தெரியாது. கீழே உள்ளவர்கள் பழைய இடங்களிலேயே மறுபடி வீடு கட்டுவார்கள். கருவியை எடுத்துவரச் சொன்னேன். முதல் உயரத்தைப் படிக்கும்போது குரல் எழும்பவில்லை. சமையல்காரர்தான் அளவுகோல் பிடித்தார். "சத்தமா சொல்லுங்கம்மா, கேக்கல" என்றார். இரண்டாம்முறை சொன்னேன்.

சேற்றுத் தடம் முழுவதையும், அந்தக் கிளையாறு வரை, அளந்து முடித்துவிட்டு வருகிறேன். அதற்கு அப்புறம் ராஜினாமாவா இல்லையா என்று வீட்டில், வீடு எதுவோ அங்கே, உட்கார்ந்து பேசுவோம். அவர் மனைவி மூத்த மகளோடு சோதனைச்சாவடிக்கு அருகில் இருக்கிறாராம். திரும்பும் வழியில் போய்ப் பார்ப்பேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. போவேன்.

ஒன்று கேட்க வேண்டும். கடைசியில் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு என்னவோ கத்திக்கொண்டே இருந்தீர்கள். வா என்றீர்களா, இரு என்றீர்களா? இக்கரையிலிருந்து பார்க்க இரண்டும் ஒரேபோல் தெரிந்தன. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள்,
மலைக்காரி


ஜூலை 19

என் மலைக்காரிக்கு,

வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

நீ நின்ற இடத்துக்குக் கீழே கரை உதிர்ந்துகொண்டிருந்தது. மண் கட்டி கட்டியாக ஆற்றில் விழுந்தது உனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. தள்ளி நில், தள்ளி நில் என்றுதான் கத்தினேன். நான் கத்தக் கத்த நீ கேட்பதற்காக இன்னும் முன்னால் வந்தாய். கடைசியில்தான் புத்தி வந்தது. வாண்டுவைத் தூக்கிக்கொண்டு, உனக்கு முதுகைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல் சாலைக்கு நடந்தேன். நாங்கள் போய்விட்டால் நீயும் கரையை விட்டு நகர்வாய் என்று.

வாண்டு வழியெல்லாம் அழுதாள். "அம்மா இன்னும் நிக்கிறாப்பா" என்றாள். நான் நடந்துகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ போயிட்டா" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அளந்து முடித்துவிட்டு வா.

உன்,
தண்ணீர்க்காரன்